ஒன்பதாம் கட்டில் தாய்மாமன்

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

இந்தப் பூமி தோன்றிய நாளிலிருந்து எழுதப்பட்ட கதைகளிலேயே நம்பவே முடியாத கதை ஒன்றை, ஒன்பதாம் கட்டிலின் மீதும் அதன் அடியில் கிடக்கும் என் செருப்பின் மீதும் சத்தியம் செய்து, இன்று முதல் எழுதத் தொடங்குகிறேன். ஒருத்தனும் நம்பப் போவதில்லை. எழுதுகிற எனக்கே பாதிதான் நம்பிக்கை.

எழுதுபவன் யார்? கீழக்குயில்குடி மொக்கைச்சாமி. வயது நாற்பத்தொன்பது. பசுமலையில் ஃப்ளெக்ஸ் கடை. மதுரைக்குள் கல்யாணம், காதுகுத்து, கருமாதி எதுவானாலும் பேனரில் நிற்கும் வாசகங்களில் பாதி என் மண்டையில் பிறந்தவை. எட்டாவதில் தவறியவனை ‘வைகை பெற்றெடுத்த வாழும் சரித்திரமே’ என்று முச்சந்தியில் நிறுத்தியவன் நான். கோழிக்கடைக்காரர் மகன் ஒருவனை ‘இமயத்தை இடது கையால் நகர்த்தியவனே’ என்று எழுதப்போய், மறுநாள் காலை இமயமலையிலிருந்து புகார் வந்தது.

அப்பேர்ப்பட்டவன் ஆனி பிறந்ததிலிருந்து கடைப் பக்கம் போகவில்லை. குளிக்கவில்லை. சோறு இறங்கவில்லை. ‘சும்மா ஒடம்பக் காட்டிட்டு வந்துருவோம்’ என்று சொல்லி என் மனைவி அன்னக்கொடி ஆட்டோவில் ஏற்றி, ஊருக்கு வெளியே இருக்கும் இந்த மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில் இறக்கினாள். உடம்பைக் காட்டினேன். மனநல வார்டில் கட்டில் கொடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் ஆகிறது.

இந்த டைரி சிஸ்டர் கொடுத்தது. மாத்திரைக் கம்பெனி டைரி. ஒவ்வொரு பக்கத்தின் கீழும் நீல எழுத்தில் ‘நிம்மதியான உறக்கம், நிறைவான நாளை’ என்று அச்சடித்திருக்கிறது. எழுதியவன் கத்துக்குட்டி.

முப்பத்தொன்றாம் தேதி ஞாயிறு, என் தங்கச்சி தமிழ்ச்செல்வி மகளுக்கு மொட்டையெடுத்துக் காதுகுத்து. பதினோரு வருஷம் கோயில் கோயிலாக ஏறி இறங்கிப் பெற்ற பிள்ளை. என் மடியில்தான் உட்கார வேண்டும். கூடப்பிறந்த தாய்மாமன் நான் ஒருத்தன்தான். அதற்குள் இங்கிருந்து வெளியேற வேண்டும். காது குத்தி முடித்துவிட்டால், அப்புறம் தாய்மாமனுக்கு இந்த உலகத்தில் சோலி கிடையாது.

12 ஆகஸ்ட், செவ்வாய்

நேற்று வெள்ளைக் கோட்டுப் படை ஒன்று வந்து இறங்கியது. மருத்துவ மாணவர்கள், ஆறு பேர். இரண்டு வாரம் இந்த வார்டில் படிப்பார்களாம். வாசலிலேயே நின்றுகொண்டு, நீ முன்னால் போ, நீ முன்னால் போ என்று ஒருவரை ஒருவர் தள்ளினார்கள். புலிக்கூண்டு என்று நினைத்துவிட்டார்கள் போல. உள்ளே புலிகள் என்ன செய்துகொண்டிருந்தன? ஏழாம் கட்டில்காரர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார். பன்னிரண்டாம் கட்டில் ராசிபலன் வாசித்துக்கொண்டிருந்தது. சங்கிலி இல்லை. திடீர்ச் சிரிப்பு இல்லை. சுவரில் முட்டுகிற தலை இல்லை. சினிமாவுக்கு டிக்கெட் எடுத்துவிட்டு ரேஷன் கடைக்குள் நுழைந்தவர்கள் மாதிரி ஒரு ஏமாற்றம், ஆறு முகத்திலும்.

ஆகையால் மனநல வார்டுக்கு எழுந்தருளும் மாணவச் செல்வங்கள் அனைவருக்கும் ஒன்பதாம் கட்டில் சமஸ்தானம் அறிவிப்பது யாதெனில்: நாங்கள் கடிக்க மாட்டோம். எங்களில் பாதிப் பேருக்குத் தூக்கம் வராது, மீதிப் பேருக்குத் தூக்கத்தைத் தவிர வேறொன்றும் வராது. அதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று உங்களுக்குத் தோன்றும். நின்றுகொண்டு கேட்காதீர்கள், போலீஸ் கேட்கிற மாதிரி இருக்கிறது. ஸ்டூல் இழுத்துப் போட்டு உட்காருங்கள். முதல் கேள்வியாக ‘என்ன பிரச்சனை’ வேண்டாம், ‘டீ குடிச்சாச்சா’ போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, காரணம் கேட்பீர்கள். காரணம் இல்லை என்று சொன்னால் உங்களுக்குக் கோபம் வரும்.

இதை வாய்விட்டே பிரகடனம் செய்தேன். எனக்கென்று ஒதுக்கப்பட்ட இரண்டு பேரும் திருதிருவென்று விழித்தார்கள். ஒருத்தன் அருண்பாண்டி, திருமங்கலத்துப் பையன், கோட்டுக்குள் அடங்காத ஜிம் புஜம். இன்னொருத்தி ருமானா, பழைய மதுரைக்குள் வளர்ந்த பெண், மெலிந்த உருவம், தலையில் முக்காடு.

அருண்பாண்டிதான் ஆரம்பித்தான். “கடன் ஏதும் இருக்கா சார்?”

“இல்ல தம்பி.”

“லவ் மேட்டர்? குடி? பங்காளிச் சண்டை?”

“ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாம எப்படி சார் வந்து படுப்பாங்க?”

நல்ல கேள்வி. நானும் இதே கேள்வியைத்தான் இரண்டு மாதமாக விட்டத்தைப் பார்த்துக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். காலொடிந்தவனுக்கு எக்ஸ்ரே உண்டு, காட்டலாம். எனக்கு எதைக் காட்ட? கடை ஓடுகிறது. பெண்டாட்டி நல்லவள். பிள்ளை இல்லாத குறை பழைய குறை. அதோடு சமாதானமாகி ரொம்ப காலம் ஆகிறது. ஒரு நாள் காலையில் விழித்தேன், எல்லாம் சாம்பல். அம்புட்டுத்தான். இதை ஒரு இளைஞனிடம் எப்படிச் சொல்வது? சப்பென்று இருக்கிறது. மதுரையிலேயே பெரிய வாசகக்காரனுக்கு இப்படி ஒரு சப்பைக் கதையா!

எனவே ஒரு நல்ல கதை கொடுத்தேன். சமண மலையில் சமணர் படுக்கைக்குக் கீழே ஒரு சுரங்கம். உள்ளே நாயக்கர் காலத்துத் தங்கம் எட்டு மாட்டு வண்டி. காவலுக்கு இரட்டைத்தலை நாகம். ஒரு தலை என்னைச் சபித்தது, இன்னொரு தலை ஜிபே நம்பர் கேட்டது. அன்றிலிருந்து தூக்கம் போச்சு.

மூன்று பக்கம் எழுதிக்கொண்டு போனான்.

13 ஆகஸ்ட், புதன்

ருமானாவுக்கு வேறு கதை. ஒரே கதையை இரண்டு பேருக்குக் கொடுப்பது தொழில் தர்மம் அல்ல. இவளுக்கு நடிகை. இருபத்தாறு வருஷத்துக்கு முன் கோச்சடையில் படப்பிடிப்பு. கதாநாயகி என்னைப் பார்த்தாள், கேமராவை நிறுத்தச் சொன்னாள், கட்டினால் இவரைத்தான் கட்டுவேன் என்று வைகை மணலில் புரண்டாள். அன்னக்கொடிக்கு வாக்குக் கொடுத்திருந்ததால் மறுத்தேன். அந்தச் சோகம் இவ்வளவு காலம் ரயில் மாறி ரயில் மாறி இப்போது வந்து சேர்ந்திருக்கிறது.

அன்னக்கொடி ஆரஞ்சு உரித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். “கதாநாயகி கேட்டுச்சா? வழி கேட்டிருக்கும்.”

ருமானா அவள் பக்கம் திரும்பினாள். “ஆன்ட்டி, இவங்க எப்பவுமே இப்படித்தான் பேசுவாங்களா?”

“எப்பவும் இப்படித்தேன் தாயி. அவுக வாயில நெசம் வந்தா வைகையில தண்ணி வந்துரும்.” பிறகு உரிப்பதை நிறுத்திவிட்டுச் சொன்னாள்: “ஆனா இந்த ரெண்டு மாசமா ஒரு பொய் சொல்லல. வாயவே தொறக்கல. அதுக்குப் பயந்துதேன் கூட்டியாந்தேன். உங்களக் கண்டுதேன் இன்னைக்கி நாலு பொய் வருது.”

அந்தப் பெண் நடிகையை விட்டுவிட்டு இதை எழுதினாள். எனக்கு என்னவோ பிடிக்கவில்லை.

14 ஆகஸ்ட், வியாழன்

இன்று மூளைப் பரீட்சை. இரண்டு பேரும் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள். சமஸ்தான அறிவிப்புக்கு மரியாதை.

“ரோட்டுல அட்ரஸ் எழுதி ஸ்டாம்ப் ஒட்டின கவர் ஒண்ணு கெடக்கு. என்ன செய்வீங்க?”

“மியூசியத்துல ஒப்படைப்பேன்.”

“ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம். இதுக்கு என்ன அர்த்தம்?”

“மதுரையில எந்தத் தெரு தம்பி நேரா இருக்கு? அவ மேல தப்பே இல்ல.”

அருண்பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். அடுத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்க வேண்டுமாம்.

தொண்ணூற்று மூன்று. எண்பத்தாறு.

அப்புறம்—

அப்புறம் ஒன்றும் இல்லை. சத்தியமாக ஒன்றும் இல்லை. பத்துக்கு எட்டடி பேனர், எட்டுக்கு ஆறடி பேனர், ஓரத்தில் துளை போட்டு ரிங் அடித்தது என்று வாயாலேயே பில் சொல்லுகிற வாய் இது. எண்பத்தாறில் போய் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டது. மின்விசிறியைப் பார்த்தேன். அது சுற்றியது.

“ஏழேழாக் கழிச்சா என்னைக்குப் பாப்பா முடியறது, மொத்தமாக் கழிச்சிருவோம்” என்றேன்.

அருண்பாண்டி சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

15 ஆகஸ்ட், வெள்ளி

சுதந்திர தினம். ஆளுக்கு ஒரு மிட்டாய் கொடுத்துவிட்டு வாசற்கதவைப் பூட்டினார்கள்.

18 ஆகஸ்ட், திங்கள்

இன்று என் கட்டிலைச் சுற்றி அரசவை கூடியது. டாக்டர் தாமரைச்செல்வி — எல்லாரும் சீஃப் என்கிறார்கள் — என் காலடியில் நின்றார். கட்டையான உருவம், கழுத்தில் கண்ணாடிக் கயிறு, யாரையும் அவசரப்படுத்தாத குரல். மாணவர்கள் என் சரித்திரத்தை வாசிக்க வேண்டும்.

அருண்பாண்டி நாகத்தை வாசித்தான். இங்கிலீஷில் நாகத்துக்கு இன்னும் கம்பீரம் கூடியிருந்தது. ருமானா வாசித்தபோது நாகம் இல்லை. ‘நோயாளி நிறையக் கற்பனை சேர்க்கிறார், நடிகை ஒருவரைப் பற்றிச் சொன்னார்’ என்று வந்தது. ஒரே ஆள், ஒரே கட்டில், இரண்டு ஜென்மம்.

“ரெண்டு பேரும் ஒரே பேஷன்டத்தான் பாத்தீங்களா?” என்றார் சீஃப்.

மற்ற நாலு பேரும் சிரிப்பை அடக்கித் தரையைப் பார்த்தார்கள். அருண்பாண்டியின் காது சிவந்தது. எனக்குள் ஒரு அற்பச் சந்தோஷம். இரண்டு மாதத்தில் முதல் சந்தோஷம், அதுவும் இரண்டு பிள்ளைகளின் மானத்தில்.

பிறகு பேப்பரின் கடைசிப் பகுதி வந்தது. தற்கொலை எண்ணம்: இல்லை. அருண்பாண்டியும் அதையே வாசித்தான், ருமானாவும் அதையே வாசித்தாள். அந்த ஒரு வரியில்தான் இருவரும் ஒத்துப்போனார்கள்.

என்னிடம் அவர்கள் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. சேர்த்த அன்று ஒரு டாக்டர் கேட்டார். அன்னக்கொடி என் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். ‘சேச்சே’ என்றேன். வேறு என்ன சொல்வான் மனுசன்?

சீஃப் என் பக்கம் குனிந்தார். “பிள்ளைகள நல்லா ஓட்டியிருக்கீங்க மொக்கைச்சாமி. தூக்கம் எப்படி?”

“கும்பகர்ணன் டியூஷனுக்கு வாறாம்மா.”

“சாப்பாடு?”

“பீமன் வெளிய வெயிட்டிங்.”

அவர் சிரித்தார், ஆனால் என் இடுப்பில் வேட்டி நழுவுவதைப் பார்த்துக்கொண்டே சிரித்தார். காதுகுத்துப் பற்றிச் சொன்னேன். மாத்திரை பிடித்துவிட்டால் இருபத்தெட்டாம் தேதி வாக்கில் அனுப்பலாம் என்றார்.

இருபத்தெட்டு. போதும்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

தங்கச்சி மாப்பிள்ளை அழகுபாண்டி வந்தார். ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார். வார்டு பெயர்ப் பலகையைப் பார்த்து யாரும் தன்னைப் பார்க்கிறார்களா என்று பார்த்தபடி வந்தார்.

“மச்சான், பேனருக்கு வாசகம் எழுதிட்டீகளா?”

எழுதியிருந்தேன். ‘தங்கத் தேர் ஒன்று தாய்மாமன் மடியேறுகிறது, தரணியே எழுந்து நில்!’ படித்துக் காட்டினேன். கீழே என் போட்டோ, மீசை முறுக்கியது, பத்து வருஷத்துக்கு முந்தையது.

“சூப்பர் மச்சான். ஒங்களுக்கா சீக்கு?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “எங்க சித்தப்பா வீட்டு ஆளுகெல்லாம் வருவாக. நீங்க வந்து சும்மா ஒக்காந்தாப் போதும். பேச்சுக் கீச்சு வேணாம். யாராச்சும் கேட்டா வயித்துல புண்ணு, ஆபரேசன்னு சொல்லிருக்கேன்.”

வயிற்றில் புண். இரண்டாயிரம் பேரைச் சக்கரவர்த்தியாக்கிய வாய்க்கு இப்போது வயிற்றில் புண்.

“பிள்ளையக் கெட்டியாப் பிடிச்சுக்கிருவீகள்ல மச்சான்? கை நடுங்குதே.”

மாத்திரைக்கு நடுங்குகிறது என்றேன். அவர் கண் என் கையை விட்டு நகரவில்லை. ஹார்லிக்ஸை அன்னக்கொடியிடம் கொடுத்தார், என்னிடம் கொடுக்கவில்லை. உடைத்துவிடுவேனாம்.

20 ஆகஸ்ட், புதன்

இட்லி சாப்பிட்டேன் என்று சிஸ்டரிடம் சொன்னேன். ஜன்னலோரத்துக் காக்கைகள் இந்த வார்டிலேயே ஆரோக்கியமானவை.

22 ஆகஸ்ட், வெள்ளி

 

மத்தியானம் அன்னக்கொடி துணி அலசப் போயிருந்தாள். ருமானா தனியாக வந்தாள். ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

“டீ குடிச்சாச்சா அங்கிள்?”

“ஆச்சு தாயி. ஒங்களுக்குத்தான் நாளையோட முடியுதே. இன்னும் என்ன கத வேணும்? ஒரு ராக்கெட் கத இருக்கு.”

“கத வேணாம்.” அவள் பேனாவைக் கையில் வைத்திருந்தாள், மூடி போட்டபடியே. “ஒண்ணு சொல்லணும். ஷீட்ல நான் ஒரு எடத்துல பொய் எழுதிட்டேன். தற்கொலை எண்ணம் இல்லைன்னு எழுதியிருக்கேன்ல. நான் ஒங்ககிட்ட கேக்கவே இல்ல. அருணும் கேக்கல. கேட்டா நாமளே எடுத்துக் குடுத்த மாதிரி ஆயிரும்னு எங்கம்மா சொன்னாங்க. மேடம் கிளாஸ்ல அப்படியெல்லாம் ஆகாது, கேட்டே ஆகணும்னாங்க. ஆனா எனக்கு வாய் வரல. எல்லாரும் ‘இல்லை’ன்னுதான் எழுதுறாங்கன்னு நானும் எழுதிட்டேன். மூணு நாளா எனக்குத் தூக்கம் வரல.”

“கும்பகர்ணன் டியூஷனுக்கு ஒன்னையும் சேத்துவிடவா?”

“அங்கிள், செத்துரலாம்னு தோணுதா?”

இவ்வளவு சின்னப் பெண். எங்கள் வீட்டு ஆள், தெரு ஆள், சாதி சனம் ஒருத்தர் கேட்டதில்லை. எல்லாரும் கேட்டது ‘ஒனக்கு என்ன கொற’.

எமனிடம் அப்பாயின்ட்மென்ட் வாங்கினேன், எருமைக்கு ஆர்.சி. புக் இல்லையென்று டிராஃபிக்கில் பிடித்துவிட்டார்கள் என்றேன். நல்ல ஜோக். கடையில் சொன்னால் டீ வாங்கித் தருவார்கள். அவள் சிரிக்கவில்லை. எழுதவும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். யாரோ என் வாசலில் வந்து நின்று, நான் கதவைத் திறக்கும் வரை போகமாட்டேன் என்கிற மாதிரி.

“ஆமா” என்றேன்.

என் வாயா அது? அவ்வளவு சின்னதாக வந்தது.

“எப்போ அங்கிள்?”

“காதுகுத்து முடிஞ்சதும்.”

அவள் கண் நிறைந்துவிட்டது. ஆனால் எழுந்து ஓடவில்லை. “இத நான் மேடம்ட்ட சொல்லியாகணும். நமக்குள்ள வச்சுக்க முடியாது.”

“சொன்னா விடமாட்டாக தாயி. பிள்ள என் மடியில ஒக்காரணும்.”

“தெரியும் அங்கிள்.”

அன்னக்கொடி வரும் வரை என் பக்கத்திலேயே இருந்தாள். பிறகு போனாள். போய்ச் சொன்னாள்.

வாழ்நாள் பூராவும் பொய். தேவைப்படாத இடமெல்லாம் பொய். இமயம், நாகம், நடிகை! ஒரே ஒரு வார்த்தை, ‘இல்ல’ன்னு ஒரே ஒரு பொய் வேணும்னு நின்ன எடத்துல — வரலையே. பாவி வாய், வரலையே.

23 ஆகஸ்ட், சனி

சீஃப் நேற்றே வந்துவிட்டார். திரை இழுத்துவிட்டு உட்கார்ந்து பேசினார். திட்டவில்லை. பாடம் நடத்தவில்லை. இருபத்தெட்டாம் தேதி இல்லை என்றார். மருந்தை மாற்றுகிறோம் என்றார். எப்போது விடுவீர்கள் என்று கேட்டேன். நீங்கள் இங்கே பத்திரமாக இருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டும் முதலில் என்றார். கதவுக்குப் பக்கத்துக் கட்டிலிலிருந்து சிஸ்டர் மேஜைக்கு எதிர்க் கட்டிலுக்கு மாற்றினார்கள். அங்கேயும் நம்பரைக் கேட்டு ஒன்பதாகவே வைத்துக்கொண்டேன். ஒரு மனிதனுக்கு ஏதாவது ஒன்று மிஞ்ச வேண்டும்.

அன்னக்கொடிக்கு மட்டும் சொல்லியிருக்கிறார்கள், எப்போது என்பதையும் சேர்த்து. அவள் அழவில்லை. என் பையைத் திறந்து, காதுகுத்துக்கு வாங்கி வைத்த பட்டு வேட்டியை எடுத்து, பிரித்து, மறுபடி மடித்து, உள்ளே வைத்தாள்.

“பாத்துப் பாத்து வாங்கினேன்” என்றாள். “போறதுக்குக் கட்டிவிடவா வாங்கினேன்?”

  ரெண்டு அறை விட்டிருக்கலாம்.

சாயங்காலம் ருமானா வாசல் வரை வந்து நின்றாள், கடைசி நாள் என்று சொல்ல. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். என்ன சொல்லணும் நான் அவளுக்கு? நன்றின்னா? எங்கிட்ட இருந்த ஒரே சோலியப் பிடுங்கிட்டுப் போறா. அவளுக்கு இது கேஸு. அடுத்த வாரம் தோல் வார்டுல தேமல் பாப்பா.

25 ஆகஸ்ட், திங்கள்

அழகுபாண்டி போனில் பேசினார். தேதியை மாற்ற முடியாதாம். கிடாய்க்கு, சமையலுக்கு, ரேடியோ செட்டுக்கு எல்லாம் சொல்லியாச்சாம். “முகேஷு மடியில வச்சுக் குத்திருவோம் மச்சான். அவனும் ஒங்க சித்தப்பா மகன்தான, மாமன் மொறதான.”

முகேஷுக்கு இருபத்துமூன்று வயது. என் கடையில் கம்ப்யூட்டர் டிசைன் செய்பவன். நான் சொல்லச் சொல்ல அடித்தவன். ‘மாமன்னன்’ என்பதற்கு எத்தனை சுழி என்று இன்றைக்கும் என்னிடம்தான் கேட்பான்.

‘சரி மாப்ள’ என்றேன். வேறென்ன.

27 ஆகஸ்ட், புதன்

பிள்ளையார் சதுர்த்தி. ஏழாம் கட்டில்காரர் வீட்டிலிருந்து கொழுக்கட்டை. இரண்டு தின்றேன். காக்கைக்குக் கொடுக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை.

31 ஆகஸ்ட், ஞாயிறு

பத்தரைக்கு மேல் பன்னிரண்டுக்குள் நல்ல நேரம். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று போர்வையை இழுத்து மூடினேன். அன்னக்கொடி போகவில்லை. ‘அத்தை முறைக்கு நீயாவது போ’ என்றதற்கு, ‘நான் போனா நீங்க?’ என்றாள். 

மூன்று மணிக்குத் தமிழ்ச்செல்வி வந்தாள், அதே பட்டுச்சேலை, அதே பூ, கையில் தூக்குவாளி நிறையக் கறிச்சோறு. கோயிலிலிருந்து நேராக வருகிறாள். வாட்ச்மேன் வாளியைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் விட்டிருக்கிறான். கறிக்குள் கத்தி இருக்குமாம்.

போனில் போட்டோ காட்டினாள். முகேஷ் மடியில் பிள்ளை, மொட்டைத் தலையில் சந்தனம், வாய் பிளந்து அழுகிறது. நல்ல தொண்டை. எங்கள் வம்சத் தொண்டை.

அடுத்த போட்டோ பேனர். ‘தங்கத் தேர் ஒன்று தாய்மாமன் மடியேறுகிறது.’ கீழே என் போட்டோ இருந்த இடத்தில் முகேஷ் முகம். புதிதாகப் பேனர் அடிக்க நேரமில்லையாம். என் முகத்தின் மேல் அவன் முகத்தை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். என் கடையிலேயே, என் பசையிலேயே. முகேஷுக்குச் சின்ன முகம். ஓரத்தில் என் இடது காது மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

காதுகுத்துக்கு என் காது போய்விட்டு வந்திருக்கிறது. கூட வேறு யாரும் போகவில்லை.

“ஏண்ணே,” என்றாள் தமிழ்ச்செல்வி. அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. “பதினோரு வருசம் தவங்கெடந்து பெத்தேன். எங்கண்ணே மடியிலதேன்னு ஊரு பூராச் சொல்லி வச்சேன். அந்த டாக்டர் பிள்ள கேட்டா ஒடனே ஆமாங்கணுமா? ஒனக்கா பொய் சொல்லத் தெரியாது? ஒரு வாரம், ஒரே ஒரு வாரம் கழிச்சுச் சொல்லிருக்கக் கூடாதா?”

நான் ‘ஆமா’ என்றதை மட்டும் அன்னக்கொடி அவளிடம் சொல்லியிருக்கிறாள், ‘எப்போ’ என்பதைச் சொல்லவில்லை.

அன்னக்கொடி என்னைப் பார்த்தாள். நான் தூக்குவாளியைப் பார்த்தேன். என்னிடம் பதில் இருந்தது. கறி ஆறிக்கொண்டிருந்தது.

“ஈரல் போட்டிருக்கியா?” என்றேன்.

4 செப்டம்பர், வியாழன்

ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப் போனார்கள், அன்னக்கொடியும் வார்டு ஆயாவும் இரு பக்கமும், சக்கரவர்த்திக்கு மெய்க்காப்பாளர்கள் போல. வராந்தாவில் தோல் வார்டு வாசலில் ருமானா. பார்த்துவிட்டாள். தப்பிக்க வழியில்லை.

“எப்படி இருக்கீங்க அங்கிள்?”

இன்னமும் கோபம்தான். அதை அவளிடம் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

“இமயத்த நகத்திக்கிட்டிருக்கேன் தாயி. இன்னைக்கி அரை அடி.”

அவள் முதல் முறையாகச் சிரித்தாள். அன்னக்கொடி சிரிக்கவில்லை, என்னை ஏற இறங்கப் பார்த்தாள். “வந்துருச்சு” என்று ஆயாவிடம் சொன்னாள். “பொய்யி வந்துருச்சு.”

8 செப்டம்பர், திங்கள்

புதுப் படை வந்திறங்கியிருக்கிறது. மறுபடி ஆறு பேர், மறுபடி வாசலில் தள்ளுமுள்ளு. ஒரு பையன் தைரியமாக வந்து, நின்றுகொண்டே, ‘என்ன பிரச்சனை சார்’ என்றான். ஸ்டூலைக் காட்டினேன்.

இன்னும் விடவில்லை. அடுத்த வாரம் பார்ப்போம் என்கிறார் சீஃப். எண்பத்தாறிலிருந்து ஏழு போனால் எழுபத்தொன்பது. இன்று காலையில் பல் தேய்க்கும்போது தானாக வந்தது.

மத்தியானம் தமிழ்ச்செல்வி பிள்ளையைக் கூட்டி வந்தாள். பிள்ளைகளை வார்டுக்குள் விட மாட்டார்கள். கேன்டீன் பக்கத்து சிமென்ட் பெஞ்சுக்கு அன்னக்கொடியோடு என்னை அனுப்பினார்கள். போகும்முன் அன்னக்கொடி பட்டு வேட்டியை எடுத்துக் கொடுத்தாள். “சும்மா மடிச்சு வச்சா பூச்சி அரிக்கும். கட்டுங்க.”

அழகுபாண்டி பைக் பக்கத்திலேயே நின்றுகொண்டார், செல்லைப் பார்த்தபடி. பிள்ளை வந்தது. மொட்டையில் முள் முள்ளாக முடி. காதில் புதுக் கம்மல், ஒரு பக்கம் லேசாகச் சிவந்திருந்தது. என்னை யாரென்று யோசித்தது. பிறகு யாரும் தூக்கி வைக்காமல், தானாக ஏறி, என் மடியில் உட்கார்ந்தது. குத்துவதற்கு ஒன்றும் மிச்சமில்லை. ஆசாரி இல்லை, மேளம் இல்லை, தட்டு இல்லை. சும்மா உட்கார்ந்து என் பிஸ்கட்டைத் தின்றது. தின்று முடித்து, பட்டு வேட்டியைப் பூராவும் நனைத்துவிட்டது.

“அய்யய்யோ!” என்று தூக்க வந்தாள் தமிழ்ச்செல்வி.

“இருக்கட்டும் விடு” என்றாள் அன்னக்கொடி. அவளிடம் சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். “பத்து வருசத்துல இது வயசுக்கு வந்து சடங்காகி நிக்கும். பச்ச ஓலையில குச்சுக் கட்ட தாய்மாமன் வரணும். அதுக்கும் முகேஷு மூஞ்சியவே ஒட்டிக்கிறச் சொல்லவா?”

பத்து வருஷமாம். பாவி, பத்து வருஷத்துக்குச் சோலி வைக்கிறாள்.

ஈர வேட்டி மின்விசிறிக்குக் கீழே காய்கிறது. முதல் பக்கத்தில் சத்தியம் செய்தபடி யாரும் நம்பாத கதையை எழுதிவிட்டேன். இமயத்திலிருந்து புகார் வரவில்லை. சுரங்கத்தில் நாகம் இல்லை. கோச்சடையில் அந்த வருஷம் படப்பிடிப்பே நடக்கவில்லை. இரண்டாயிரம் பேரைச் சக்கரவர்த்தியாக்கினேன் என்றது, எண்ணிப் பார்த்தால் முந்நூறு தேறும்.

ஒரே ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். இருபத்திரண்டாம் தேதி அந்தப் பெண் கேட்டதற்கு, ‘ஆமா’ என்றது.